ஏழாம் வகுப்பு வலசை போனது

பூகோள டீச்சர் பிறந்த வீட்டில் உட்கார்ந்தால் பள்ளிக்கூட மணி கேட்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு வருடம் பேருந்தில் போய்வந்துவிட்டு, அதே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டியிருந்த வீட்டுக்குக் குடிபோனார். ஐம்பத்தொரு வயதில் திரும்பிப் பார்த்தால், அவர் செய்த ஆகப் பெரிய பயணம் மாடியில் ஏழாம் நம்பர் அறையில் நடந்ததுதான். மாணவர் பெஞ்சிலிருந்து டீச்சர் மேசைக்கு வந்தார். பத்தடி இருக்கும்.

இப்படிப்பட்டவர்தான் இருபத்து மூன்று வருடமாக ஏழாம் வகுப்புக்கு 'இடம்பெயர்தல்: மனிதரும் விலங்குகளும்' என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். சுவரில் உலகப் படத்தை மாட்டுவார். விலங்குகளுக்கு நீல அம்பு, மனிதர்களுக்குச் சிவப்பு அம்பு. ஆலாப் பறவைகள் துருவம்விட்டுத் துருவம் பறக்கும், காட்டு மாடுகள் மழையைத் தேடி ஓடும், மனிதர்கள் வேலையைத் தேடிப் போவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு. டீச்சர் அம்பு போட்டால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பெயர்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் குறும்பு செய்பவர் என்று. ஒவ்வொரு பாடத்துக்கும் 'பாடத்தின் நோக்கம்' என்ன என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சமயம் உத்தரவு வந்தது. 'மாணவர்களை விழித்திருக்க வைப்பது' என்று டீச்சர் எழுதினார். பதின்மூன்று வருடம் அதையே எழுதினார். பதின்மூன்று வருடமும் அதன் கீழே 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்து விழுந்தது. அந்தத் தாள்களை வீட்டு அலமாரியில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்.

அந்த வருடம் பாதியில் ஒரு பெண் வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் அப்பா பாலம் கட்டும் வேலையில் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடுவார். அவளுக்கு இது ஐந்தாவது பள்ளிக்கூடம். பிள்ளைகள் அவளுக்குப் 'பாலம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போன பள்ளிக்கூடத்தில் 'சிமெண்டு' என்று கூப்பிட்டார்களாம். அதற்கு இது தேவலை என்றாள்.

இடம்பெயர்தல் பாடம் ஆரம்பித்த அன்று டீச்சர் சிவப்புச் சாக்பீஸால் ஒரு நீண்ட அம்பு போட்டுவிட்டுத் திரும்பினார். பாலம் கையைத் தூக்கியிருந்தாள்.

"டீச்சர், இது ரொம்ப நேராப் போகுது."

"அம்புன்னா நேராத்தானே போகும்?"

"இல்ல டீச்சர். யாரும் அப்படிப் போக மாட்டாங்க. நடுவுல ஒரு எடத்துல எறக்கி விடுவாங்க. அங்க ஒரு வாரம் இருப்போம். அப்புறம் வந்து, இது இல்ல, அந்தப் பக்கம்னு சொல்லுவாங்க. எங்க தம்பியோட செருப்பு எப்பவும் நடுவுலதான் காணாமப் போகும்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு அம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னார். கணக்கு சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "அம்பைக் கொஞ்சம் வளைச்சுப் போடு. அவ்வளவுதானே," என்றார் தலையைத் தூக்காமல்.

"வளைச்சுப் போட்டா செருப்பு எங்க வரும்?"

"எந்தச் செருப்பு?" என்று கேட்டுத் தலையைத் தூக்கினார்.  டீச்சர் ஏதோ யோசித்தபடி ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வை கணக்கு சாருக்கு நன்றாகத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுவா இருந்தாலும் என் கிளாஸ் பக்கம் மட்டும் வராதே," என்றார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் ஏழாம் வகுப்பைக் கிளப்பினார். இந்த வாரம் முழுக்க வகுப்பு வலசை போகப் போகிறது. இரண்டு கையில் பிடிக்கிறதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முப்பத்து நாலு பேரில் பாதிப் பேர் நாரைகள், மீதிப் பேர் மனிதர்கள். நாரைகள் நினைத்த இடத்தில் போய் இறங்கலாம். மனிதர்கள் போகிற இடத்தில் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோருமே நாரைகளாகிவிட்டார்கள். டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஒருவன் மட்டும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்தவன்.

"நீ என்னடா?"

"நான் காக்கா டீச்சர். காக்கா எங்கயும் போகாது. இருந்த எடத்துலயே இருக்கும்."

டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தார். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. "சரி, இரு," என்று விட்டுவிட்டார். அந்த வருடத்தில் அவன் பாடத்தைக் கேட்டுச் சொன்ன முதல் சரியான பதில் அது.

கை நிறையப் புத்தகமும் டிபன் டப்பாவுமாக முப்பத்து மூன்று பேர் படியிறங்கி வராந்தா வழியே போனதைத் தலைமை ஆசிரியர் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் கேட்க வேண்டி வரும். கேட்டால் டீச்சர் பதில் சொல்லுவார். அந்தப் பதிலைத் தாங்கும் தெம்பு திங்கட்கிழமை காலையில் யாருக்கு இருக்கும்? எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

நூலகத்தில் பத்து நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். நாரைகள் நாரை மாதிரியே கத்தின. நூலகர் எல்லோரையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் இருக்கவிட்டார்கள், எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கடைசியில் டீச்சர் எங்கே போய் நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே பெரிய அறை, இரண்டு வாசல், ஒழுங்காகச் சுற்றுகிற மின்விசிறி. உள்ளே கணக்கு சார் கரும்பலகையில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் எப்படியோ, பள்ளிக்கூடத்தில் இருவரும் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"சார், கொஞ்சம் எடம் கெடைக்குமா?"

"எதுக்கு டீச்சர்?"

"குடியிருக்க."

"மேல உங்க ரூமுக்கு என்ன ஆச்சு?"

"அங்க குளிர் தாங்கல."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கணக்கு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் மாலையில் அதே ஆளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். முக்கோணத்தை அப்படியே விட்டுவிட்டு, தரையில் அறையின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். "அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நாங்க. சத்தம் வரக் கூடாது," என்றார்.

கோடு விழுந்ததுதான் தாமதம், எட்டாம் வகுப்புக்கு எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்துவிட்டது. அதுவரை கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இது எங்கள் அறை என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். வகுப்புத் தலைவி வாசலில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டிலிருந்து தாள் கிழித்துப் படிவம் தயாரித்தாள். எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், உங்களால் எங்களுக்கு என்ன பிரயோஜனம். டீச்சர் இதில் எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை. அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு 'ஆபீசர்' என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

நாரைகள் ஆபீசரைத் தாண்டிச் சிறகடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. மனிதர்கள் வராந்தாவில் வரிசையில் நின்றார்கள்.

"ஏன் வந்தீங்கன்னு கேட்டா, டீச்சர் வரச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கே. இது காரணமா? போய் வேற எழுதிட்டு வா."

"வேற என்னக்கா எழுதறது? அதுதானே உண்மை."

"உண்மையெல்லாம் இங்க வேண்டாம். காரணம் வேணும்."

இதைக் கேட்டு வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்த டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

வரிசையில் ஆறாவதாகப் பாலம் நின்றாள். அவள் முறை வந்ததும் படிவத்தை நாலே வரியில் நிரப்பினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சிரிக்கவில்லை, ஆபீசரின் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீசருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முதன்முதலாக உள்ளே அனுமதிக்கப்பட்ட மனித ஜீவன் அவள்தான். மற்றவர்களுக்கு இது விளையாட்டு, அவளுக்கு இது பழக்கம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயிலிருந்து கையை எடுத்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது.

இரண்டாம் நாள் நாரைகள் புகார் கொண்டுவந்தன. "எங்களை யாரும் எதுவும் கேக்கல டீச்சர். ஆனா ஒக்கார பெஞ்சும் குடுக்கல. பறவைக்கு எதுக்கு பெஞ்சுன்னு கேக்கறாங்க." இரண்டு நாரைகள் மனிதர்களாக மாற முடியுமா என்று விசாரித்தன. டீச்சர் அன்றைய பாடத்தை இதை வைத்தே நடத்திவிட்டார். நாரை திரும்பிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. மனிதன் தங்கிவிடுவானோ என்றுதான் வாசலில் மேசை போடுகிறார்கள். புத்தகத்தில் மூன்று பக்கத்துக்கு இருந்ததைப் பிள்ளைகள் மூன்று வாக்கியத்தில் சொன்னார்கள்.

சாக்பீஸ் கோடு தினமும் மதியத்துக்குள் கால் பட்டு அழிந்துவிடும். கணக்கு சார் தினமும் காலையில் குனிந்து மறுபடி கிழிப்பார். புதன்கிழமை மாலை வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் பசங்க கணக்கை விட்டுட்டு உன் வாத்தையே பாத்துட்டு இருக்காங்க."

"நாரைங்க."

"ஏதோ ஒண்ணு. பாடமே நடக்கல."

"உங்க பசங்க கணக்கை எப்பவோ விட்டாச்சு. இப்பதான் பாக்கறதுக்கு ஒண்ணு கெடச்சிருக்கு," என்றார் டீச்சர். பிறகு அவர் இடுப்பில் தடவ மருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை முன்னறிவிப்பில்லாமல் கல்வி அதிகாரி வந்து இறங்கினார். தலைமை ஆசிரியர் ஓடி வருவதற்குள் மாடியேறி ஏழாம் நம்பர் அறைக்குள் நுழைந்துவிட்டார். முப்பத்து நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒரே ஒருவன், டீச்சர் மேசைமேல் காலை நீட்டிப்போட்டுச் சாய்ந்திருந்தான்.

"கிளாஸ் எங்கப்பா?"

காக்கா காலை இறக்கினான். "வலசை போயிருக்காங்க சார்."

"எங்க?"

"தெற்குப் பக்கம் சார்."

"எப்ப வருவாங்க?"

"பருவம் மாறினதும் வந்துடுவாங்க சார்," என்று அடக்கமாகச் சொன்னான் அவன்.

அதிகாரி தலைமை ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி படியிறங்கி, சத்தம் வந்த திசையில் நடந்தார். எட்டாம் வகுப்பு வாசலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆபீசர், வருகிறவர் யார் என்று தெரியாமல், ஒரு தாளை நீட்டினாள். "எங்கேர்ந்து வர்றீங்க?"

பின்னால் தலைமை ஆசிரியர் கையையும் தலையையும் ஆட்டி ஜாடை காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள், அலுவலகம். ஏன் வந்தீர்கள், பார்வையிட. எத்தனை நாள், அரை நாள். நாலாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. உங்களால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? இருபது வருட உத்தியோகத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"இது நிரப்பாம உள்ள விட முடியாது சார். அப்படி ஒக்காந்து யோசிச்சு எழுதுங்க," என்று வராந்தாவில் கிடந்த பெஞ்சைக் காட்டினாள் ஆபீசர்.

அதிகாரி போய் உட்கார்ந்தார். பக்கத்தில் உள்ளே பெஞ்சு கிடைக்காத ஒரு நாரையும் நிராகரிக்கப்பட்ட மனிதர் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன காரணத்துக்காக வெளியே இருக்கிறார்கள் என்று அவர்களிடம் விசாரித்தார். அவர்கள் விலாவாரியாகச் சொன்னார்கள். பத்து நிமிடம் கழித்து டீச்சர் வெளியே வந்து பார்த்தபோது, அதிகாரி தாளை மடியில் வைத்துக்கொண்டு, நாலாவது கேள்விக்கு என்ன எழுதலாம் என்று நாரையிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று யாருக்கும் திட்டு விழவில்லை. வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்பு திரும்பி மாடியேறியது. காக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "யாரு நீங்க? இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டான். அவனைச் சமாதானப்படுத்திக் கதவைத் திறக்க வைப்பதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் பெயருக்கு ஒரு உத்தரவு வந்தது. இரண்டே வரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளிக்கு இடமாறுதல். ஒரு வாரத்தில் சேர வேண்டும்.

இது பரிசா தண்டனையா என்று ஆசிரியர் அறையில் இரண்டு நாள் பட்டிமன்றமே நடந்தது. டீச்சர் நேராக அதிகாரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுக்கறாங்க, இப்படி ஒருத்தர் எல்லா ஸ்கூலுக்கும் வேணும்னு எழுதினேன் டீச்சர். மேல இருக்கறவங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஒரு ஸ்கூல்லேர்ந்து ஆரம்பிப்போம்னு."

கணக்கு சார் உத்தரவைக் கையில் வாங்கிப் படித்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ரெண்டு பஸ்தானே. நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்," என்றார்.

"எனக்கு அந்த ஸ்கூல்ல கழிப்பறை எங்க இருக்குன்னுகூடத் தெரியாதுங்க," என்றார் டீச்சர். ஐம்பத்தொரு வயதில், உலகத்துப் பறவைகள் அத்தனைக்கும் வழி சொன்னவர், சொன்ன வார்த்தை அது.

கடைசி நாள் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பாலம் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? முதல் நாள் போனதும் 'எங்க பழைய ஸ்கூல்ல'ன்னு ஆரம்பிக்காதீங்க. யாருக்கும் புடிக்காது. தண்ணி எங்க இருக்குன்னு முதல்ல பாத்து வச்சுக்குங்க. அப்புறம், யார் பக்கத்துல எடம் காலியா இருக்கோ, ஒடனே போய் ஒக்காந்துடாதீங்க. ஏன் காலியா இருக்குன்னு விசாரிச்சுட்டு ஒக்காருங்க."

டீச்சர் இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டும் பிரயோஜனமில்லை. முதல் நாள் தப்பான பேருந்தில் ஏறி, ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் இறங்கி, வழி கேட்டு நடந்து, அரைமணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். தேநீர் இடைவேளையில் வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தை "எங்க பழைய ஸ்கூல்ல". நாலு பேர் கண்ணாடி டம்ளருக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கால் கடுத்ததால் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் வரலாற்று சார். அவர் தன் வயிற்றுக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று வருடவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். மணி அடித்தபோது அவருடைய கல்லூரிப் பருவம்கூட முடிந்திருக்கவில்லை.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். டீச்சர் உலகப் படத்தை மாட்டினார். ஆனால் அம்பு போடவில்லை. சாக்பீஸை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வந்த வழியை நீயே போடு என்றார். ஒருத்தி போட்ட கோடு இரண்டு முறை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. ஒருவன் கடலுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து, இங்கேதான் எனக்கு வாந்தி வந்தது என்றான். வகுப்பு முடிந்தபோது படம் குழந்தை கிறுக்கின சுவர் மாதிரி இருந்தது. டீச்சர் அதைத் துடைக்க விடவில்லை.

இப்படியாக மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் காலை டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், அவருடைய நாற்காலியில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் சேர்ந்த ஓவிய டீச்சர். சின்ன வயது. மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அது என் நாற்காலி," என்றார் டீச்சர்.

அந்தப் பெண் பதறி எழுந்து, மூலையில் மின்விசிறிக் காற்று படாத நாற்காலிக்குப் போனாள். டீச்சர் உட்கார்ந்து, கைப்பையை மாட்டி, வரலாற்று சார் பக்கம் சாய்ந்து, "இப்பல்லாம் யார் யாரோ வந்து எங்க வேணா ஒக்காந்துடறாங்க," என்றார் மெல்ல.

சொன்ன வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் சொன்னது யார் என்று தெரிந்தது. மூன்றே மாதம். டீச்சருக்கு வயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பிவிட்டது. கையால் மூடியும் நிற்கவில்லை. வரலாற்று சார் தன் வயிற்றைப் பற்றித்தான் சிரிக்கிறாரோ என்று சந்தேகமாகப் பார்த்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். இந்த முறை இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். கணக்கு சாருக்குப் புரை ஏறிவிட்டது.

மறுநாள் டீச்சர் முதல் பேருந்தைப் பிடித்துப் போய், மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஓவிய டீச்சர் வந்து வாசலிலேயே நின்றாள்.

"வாங்க, அங்க ஒக்காருங்க. காத்து நல்லா வரும்," என்றார் டீச்சர். "தண்ணி பின்பக்க வராந்தால இருக்கு. ஒரே ஒரு விஷயம். அந்தப் பக்கத்து நாற்காலி சார்கிட்ட மட்டும், ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுடாதீங்க."

ஓவிய டீச்சரின் முகம் வாடியது. "நேத்தே கேட்டுட்டேனே டீச்சர். பாக்கியை இன்னைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

வராந்தாவில் வரலாற்று சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் மூலையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.